ஸ்கேன் நார்மல், பார்வை 6/6, ஆனாலும் படிக்க முடியவில்லை: மூளை அதிர்ச்சிக்குப் பிறகு கண்ணைப் பழக்குவது எப்படி

தலையில் அடிபட்ட அன்று எடுத்த ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. கண் மருத்துவமனையில் சுவரில் மாட்டிய அட்டையைக் கடைசி வரி வரை படித்தாகிவிட்டது. 6/6 என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வீட்டுக்கு வந்து பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஐந்தாவது நிமிடத்தில் எழுத்து நெளிகிறது. படித்த வரியையே கண் மறுபடி பிடிக்கிறது. புருவத்துக்கு மேல் வலி கட்டுகிறது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் குமட்டுகிறது. "படிக்காம இருக்க சாக்குச் சொல்றான்" என்று வீட்டிலேயே பேச்சு கிளம்பும். அது சாக்கு இல்லை. கன்கஷன் என்று டாக்டர்கள் எழுதும் மூளை அதிர்ச்சிக்குப் பிறகு மிகச் சாதாரணமாக வருவது இது. அளந்து பார்த்தால் எண்ணிக்கையாகவே தெரியும். முறையாகப் பழக்கினால் பெரும்பாலும் சரியாகும்.

சுவர் அட்டை சோதிப்பது ஒன்றே ஒன்றைத்தான்: தூரத்தில் அசையாமல் இருக்கும் ஓர் எழுத்து தெளிவாகத் தெரிகிறதா என்பதை. புத்தகம் படிக்க அது போதாது. இரண்டு கண்ணும் ஒரே புள்ளியை நோக்கி உள்ளே திரும்ப வேண்டும். இதைக் குவிதல் என்போம். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் கிட்டப் பொருளுக்கு ஃபோகஸ் மாற்ற வேண்டும். ஒரு சொல்லிலிருந்து அடுத்த சொல்லுக்கும், வரி முடிந்ததும் அடுத்த வரியின் தொடக்கத்துக்கும் கண் குறி தவறாமல் தாவ வேண்டும். தலை அசைந்தாலும் பார்வை அசையாமல் நிற்க வேண்டும். இத்தனைக்கும் கட்டளை மூளையிலிருந்தே வருகிறது. அதிர்ச்சியில் பழுதாவது கண் அல்ல, இந்தக் கட்டளைகளின் ஒத்திசைவு. அதனால்தான் கண்ணை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் குறை தெரிவதில்லை.

பிலடெல்பியாவின் குழந்தைகள் மருத்துவமனையில் கன்கஷனுக்காகச் சிகிச்சைக்கு வந்த 11 முதல் 17 வயதுள்ள 100 பேரைச் சோதித்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. 69 பேருக்கு ஏதாவது ஒரு பார்வைக் குறை இருந்தது. 51 பேருக்கு ஃபோகஸ் கோளாறு, 49 பேருக்குக் குவிதல் குறைவு, 29 பேருக்குத் தாவலில் பிசகு. ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று சேர்ந்து வருவதும் சகஜம் என்பது இந்தக் கணக்கிலிருந்தே தெரியும்.

பயிற்சிக்கு முன்னால்: எவை வந்தால் உடனே ஓட வேண்டும்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டில் எதையும் முயற்சி செய்யாதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். தமிழ்நாட்டில் 108, இலங்கையில் 1990.

- அடிபட்ட பிறகு புதிதாக வந்த இரட்டைப் பார்வை
- ஒரு கண் பாப்பா பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருப்பது, ஓர் இமை தொங்குவது
- நேரம் ஆக ஆகக் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, வலிப்பு
- எழுப்ப முடியாத தூக்கம், குழப்பம், பேச்சுக் குழறல், கை காலில் பலவீனம்
- கண்ணில் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் திடீரென மழை போல் இறங்குவது, ஒரு பக்கம் திரை விழுந்தது போலிருப்பது. இது விழித்திரை கிழிந்ததற்கான அடையாளமாக இருக்கலாம். வாரக்கணக்கு கழித்தும் வரும்.

இரட்டைப் பார்வையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கண்ணை மூடினால் இரட்டை மறைகிறதா? மறைந்தால் இரு கண்ணின் ஒத்திசைவில்தான் சிக்கல். ஒரு கண்ணை மூடியும் இரட்டையாகவே தெரிந்தால் பெரும்பாலும் அந்தக் கண்ணின் மேற்பரப்பிலோ லென்ஸிலோ கோளாறு. இரண்டு பிம்பமும் மேலும் கீழுமாக, சற்றுச் சாய்ந்து தெரிந்து, மாடிப்படி இறங்கும்போதும் படிக்கும்போதும் மோசமானால், நான்காம் மூளை நரம்பு அடிபட்டிருக்கலாம். மண்டைக்குள் நெடுந்தூரம் ஓடும் மெல்லிய நரம்பு அது. தலைக்காயத்தில் எளிதில் சிக்கும். இவர்கள் தம்மை அறியாமலே தலையை ஒரு தோள் பக்கம் சாய்த்து வைத்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கீழே சொல்லும் கயிற்றுப் பயிற்சி பயன்படாது; நரம்பியல் கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

முதல் 48 மணி நேரமும் அதற்கு அடுத்த வாரமும்

இருட்டறையில் ஒரு வாரம் படுக்க வைக்கும் பழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அதை விட்டுவிடலாம். விளையாட்டில் ஏற்படும் மூளை அதிர்ச்சி பற்றி 2022-இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய மாநாட்டின் அறிக்கை, முதல் 24 முதல் 48 மணி நேரத்துக்கு மிதமான ஓய்வு, அதன் பிறகு மெல்ல நடை என்கிறது. வீட்டுக்குள் நடமாடலாம், பேசலாம், சாப்பிட உட்காரலாம். செல்போன், டிவி, லேப்டாப் மட்டும் இந்த 48 மணி நேரத்துக்குக் கூடாது. 2021-இல் வெளியான ஒரு சோதனையில், முதல் 48 மணி நேரம் திரையைத் தவிர்த்தவர்களுக்கு அறிகுறிகள் அடங்க நடுமதிப்பாக 3.5 நாள் ஆனது. தவிர்க்காதவர்களுக்கு 8 நாள்.

மூன்றாம் நாளிலிருந்து நடை, சின்ன வேலைகள், 10 நிமிடத் தவணைகளாகப் படிப்பு. பெரும்பாலோருக்கு இரண்டு முதல் நான்கு வாரத்தில் பார்வைத் தொல்லை தானாகவே அடங்கிவிடும். ஆகவே முதல் வாரத்திலேயே கண் பயிற்சிக்கு அவசரப்பட வேண்டியதில்லை. நான்கு வாரம் தாண்டியும் நின்றாலோ, இரண்டாம் வாரத்திலேயே பள்ளிக்கோ வேலைக்கோ போக முடியாத அளவுக்கு இருந்தாலோ, அளந்து பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

வீட்டில் அளக்க இரண்டு வழிகள்

இவை நோயைக் கண்டறிவதற்கல்ல. டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கும், வாரா வாரம் முன்னேற்றம் பார்ப்பதற்கும்தான். தூரத்தைப் பார்க்கக் கண்ணாடி போடுபவர் அதைப் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும்.

*குவிதல் அளவு.* ஓர் ஐஸ் குச்சியின் நுனியில் சிறிய "ட" ஒன்றை எழுதி ஒட்டுங்கள். எழுத்தின் உயரம் 4 மில்லிமீட்டர் இருந்தால் போதும். அடிபட்டவர் நிமிர்ந்து உட்காரட்டும். இன்னொருவர் எதிரே உட்கார்ந்து அவர் கண்ணையே கவனிக்க வேண்டும். குச்சியைக் கை நீளத்தில் மூக்குக்கு நேராகப் பிடித்து, ஒரு நொடிக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் வேகத்தில் மூக்கை நோக்கிக் கொண்டுவாருங்கள். எழுத்து மங்கினால் நிறுத்த வேண்டாம். இரண்டாகப் பிரியும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். அவர் "ரெண்டாயிடுச்சு" என்று சொல்லும் முன்பே ஒரு கண் வெளிப்பக்கம் நழுவிவிடுவதை எதிரே இருப்பவர் பார்த்தால் அந்த இடமே அளவு. மூக்கு நுனியிலிருந்து அந்த இடம் வரை ஸ்கேல் வைத்துக் குறியுங்கள். 30 நொடி விட்டு மறுபடி. மொத்தம் மூன்று முறை.

5 சென்டிமீட்டருக்குள் வந்தால் நல்லது. மூன்று முறையும் அதைத் தாண்டினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம். மூன்று எண்ணும் ஒன்றாக இல்லாமல் 6, 9, 14 என்று ஏறிக்கொண்டே போனால் அதைக் கட்டாயம் எழுதி வையுங்கள். ஒரே முறை அளந்து "நார்மல்" என்று சொன்னவர்களிடம் தப்பிவிடுவது இந்தக் களைப்புதான். பத்து நிமிடம் படித்த பிறகு எழுத்து நெளிவதற்குக் காரணமும் இதுவே.

*ஃபோகஸ் அளவு.* ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடுங்கள். கண்மீது அழுத்தக் கூடாது. செய்தித்தாள் எழுத்து அளவுள்ள ஒரு சொல்லைக் கை நீளத்திலிருந்து கிட்டே கொண்டுவாருங்கள். இம்முறை மங்கத் தொடங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். வயதுக்கு ஏற்ற குறைந்தபட்ச ஃபோகஸ் திறனுக்கு ஹோஃப்ஸ்டெட்டர் சூத்திரம் இருக்கிறது: வயதைக் காலால் (0.25) பெருக்கி 15-லிருந்து கழிக்க வேண்டும். வருவது டயாப்டர், அதாவது ஃபோகஸ் திறனின் அலகு. 100-ஐ அதனால் வகுத்தால் சென்டிமீட்டர். 16 வயதுக்கு 11 டயாப்டர், ஆகவே ஏறத்தாழ 9 சென்டிமீட்டர் வரை தெளிவாக இருக்க வேண்டும். 24 வயதுக்கு 11, 32 வயதுக்கு 14 சென்டிமீட்டர். பதினாறு வயதுப் பையனுக்கு 20 சென்டிமீட்டரிலேயே மங்கினால் அவன் கண் நாற்பது வயதுக்காரர் கண் போல வேலை செய்கிறது என்று பொருள். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு இந்த அளவு உதவாது.

பரிசோதனைக்குப் போகும்போது

சாதாரணக் கண்ணாடிக் கடைப் பரிசோதனை இதற்குப் போதாது. பெரிய கண் மருத்துவமனைகளில் இருகண் பார்வைக்கோ மாறுகண்ணுக்கோ தனிப் பிரிவு இருக்கும். அங்குள்ள ஆப்டோமெட்ரிஸ்ட்டோ (பார்வையை அளப்பவர்) ஆர்த்தாப்டிஸ்ட்டோ (இரு கண்ணின் ஒத்திசைவைக் கவனிப்பவர்) இதைச் செய்வார்கள். வரவேற்பறையிலேயே "தலையில் அடிபட்டு இத்தனை வாரம், தூரத்தில் சரி, கிட்டத்தில் படிக்க முடியவில்லை" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களைச் சரியான அறைக்கு அனுப்பும். குவிதல், ஃபோகஸ் திறன், ஃபோகஸ் மாற்றும் வேகம், கண் தாவல், பக்கப் பார்வைப் பரப்பு, சொட்டு மருந்து விட்டு விழித்திரை ஆகிய அனைத்தையும் பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

சொட்டு மருந்தில் இரண்டு எச்சரிக்கைகள். அடிபட்ட முதல் நாட்களில், நரம்பியல் கண்காணிப்பில் இருப்பவருக்குக் கண் பாப்பாவை விரிக்கும் மருந்து போட்டால், பாப்பாவைப் பார்த்து மூளை நிலையைக் கணிக்கும் வழி அடைபட்டுவிடும். ஆகவே தலைக்காயம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இரண்டாவது, இதற்கு நேர் எதிர்: சில வாரம் கழித்துப் புதுக் கண்ணாடி எழுதும்போது சிறுவர்களுக்குச் சொட்டு மருந்து போட்டே பவர் பார்க்க வேண்டும். அதிர்ச்சிக்குப் பிறகு சிலருக்கு ஃபோகஸ் தசை இறுகி நின்றுவிடும். அப்போது தூரமும் மங்கும்; கம்ப்யூட்டர் இயந்திரம் மைனஸ் பவர் காட்டும். அது உண்மையான கிட்டப்பார்வை இல்லை. அந்த மைனஸ் கண்ணாடியைப் போட்டால் தசை இன்னும் இறுகும், தலைவலி கூடும். அடிபடும் வரை கண்ணாடியே போடாத பிள்ளைக்கு ஒரே மாதத்தில் மைனஸ் 1.50 எழுதினால், சொட்டு மருந்து போட்டுப் பார்த்தார்களா என்று கேளுங்கள்.

கண்ணாடியில் சின்னத் திருத்தங்களும் பெரிய நிம்மதி தரும். முன்பு தானாகவே சமாளித்த பிளஸ் 0.50 இப்போது கண்ணைக் களைக்க வைக்கும். ஃபோகஸ் குறைந்தவருக்குப் படிக்க மட்டும் பிளஸ் 0.75 முதல் 1.25 வரை தனிக் கண்ணாடி எழுதுவதுண்டு. நாற்பதைத் தாண்டியவர்களுக்கு ஒரு யோசனை: தலைச்சுற்றல் தீரும் வரை, தூரமும் கிட்டமும் ஒரே வில்லையில் சேர்ந்த புரோகிரசிவ் கண்ணாடியை ஒதுக்கி வைத்துவிட்டு, தூரத்துக்கு ஒன்று, படிக்க ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிரசிவ் லென்ஸின் ஓரங்களில் காட்சி வளையும். நல்ல மூளை அதைப் பொருட்படுத்தாது, அதிர்ந்த மூளை படகில் நிற்பது போல் உணரும்.

அளவே மருந்து

பயிற்சிகளைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான் நடக்கிறது. ஜிம்மில் தசை வளர்ப்பது போல "வலித்தால்தான் பலன்" என்று நினைத்து ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் செய்வார்கள். மறுநாள் எழுந்திருக்க முடியாது. பிறகு ஒரு வாரம் தொடவே மாட்டார்கள். கண் தசைக்கு வலு எப்போதுமே இருந்தது. அதற்குப் போகும் கட்டளைதான் சீராக வேண்டும். அது சின்னச் சின்னத் தவணைகளில்தான் சீராகும்.

தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல், மந்தம் இந்த நான்குக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் போடுங்கள். பயிற்சிக்கு முன் ஒரு முறை, முடிந்தவுடன் ஒரு முறை, ஒரு மணி நேரம் கழித்து ஒரு முறை. எதுவும் முன்பு இருந்ததைவிட 2 மதிப்பெண்ணுக்கு மேல் ஏறாமல், ஏறியதும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிட்டால் அளவு சரி. 2-க்கு மேல் ஏறினாலோ இறங்காமல் நின்றாலோ மறுநாள் நேரத்தைப் பாதியாக்குங்கள். எதுவுமே ஏறாவிட்டால் இரண்டு நாளுக்கு ஒரு முறை சற்றுக் கூட்டலாம். நோட்டுப் புத்தகம் ஒன்று இதற்கென்றே இருக்கட்டும். டாக்டருக்கு அது உங்கள் ஸ்கேனைவிட அதிகம் சொல்லும்.

காலையில் ஒரு தவணை, மாலையில் ஒன்று, ஒவ்வொன்றும் 5 முதல் 8 நிமிடம். பள்ளி விட்டு வந்த களைப்பிலும் தூங்கப் போகும் முன்பும் வேண்டாம். எந்தப் பயிற்சி யாருக்கு என்பதைப் பரிசோதித்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். அவர் எழுதிக் கொடுத்ததை வீட்டில் சரியாகச் செய்யத்தான் இனி வருவது.

மணிக்கயிறு

ஃபிரடெரிக் பிராக் என்ற ஆப்டோமெட்ரிஸ்ட்டின் பெயரால் பிராக் கயிறு என்று வழங்கும் எளிய கருவி இது. 3 மீட்டர் வெள்ளைக் கயிறு, அதில் நகர்த்தக்கூடிய மூன்று மணிகள், அவ்வளவுதான். பூ கட்டும் நூல் மெல்லியது, ஆகாது. பேனா ரீஃபில் பருமனுள்ள பருத்திக் கயிறு வாங்குங்கள். மணிகள் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வேறு வேறு நிறத்தில், சுண்டைக்காய் அளவு. துளை இறுக்கமாக இருந்தால்தான் வைத்த இடத்தில் நிற்கும். தளர்ந்தால் மணிக்கு இருபுறமும் ஒரு முடிச்சு.

உட்கார்ந்தால் கண் மட்டத்துக்கு வரும் ஜன்னல் கம்பியில் ஒரு முனையைக் கட்டுங்கள். மறுமுனையை விரலில் சுற்றி மூக்கு நுனியில் வையுங்கள். கயிறு தொய்வில்லாமல் நேராக நிற்க வேண்டும். முதல் மணி 40 சென்டிமீட்டரில், இரண்டாவது ஏறத்தாழ ஒன்றரை மீட்டரில், மூன்றாவது ஜன்னல் பக்கம்.

நடு மணியைப் பாருங்கள். இரண்டு கண்ணும் சேர்ந்து வேலை செய்தால் மணி ஒன்றாகவும், கயிறு இரண்டாகவும் தெரியும். அந்த இரண்டு கயிறும் மணியின் மேல் பெருக்கல் குறி போல வெட்டிக்கொள்ளும். முன்னும் பின்னும் உள்ள மணிகள் இரண்டிரண்டாகத் தெரியும். பயப்பட வேண்டாம், அது இயல்பு; அப்படித் தெரிவதுதான் வேண்டும். தூர மணியைப் பார்த்தால் இரு கயிறும் முகத்தருகே விரிந்து, போகப் போக நெருங்கி அந்த மணியில் சேரும்.

இந்தக் கயிற்றின் அருமை, கண் செய்யும் தவறை அது உடனே காட்டிக்கொடுப்பதில் இருக்கிறது.

வெட்டும் இடம் மணிக்குப் பின்னால், ஜன்னல் பக்கமாகப் போனால் கண்கள் போதிய அளவு குவியவில்லை. மணியும் இரண்டாகும். மணியை விரலால் தொடுங்கள். தொடுஉணர்வு கண்ணை அங்கே இழுத்து வரும். முன்னால் வந்தால் தேவைக்கு மேல் குவிகிறது. மூச்சை மெதுவாக விட்டு, மணிக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போல எண்ணுங்கள். கயிறு ஒன்றே ஒன்றுதான் தெரிகிறது என்றால் மூளை ஒரு கண்ணை அணைத்துவிட்டது. இரட்டைத் தொல்லையிலிருந்து தப்பிக்க மூளை கண்டுபிடித்த குறுக்கு வழி அது. வலம் இடம் என்று மாற்றி மாற்றிக் கண்ணைச் சிமிட்டினால் அணைந்த கயிறு திரும்பி வரும். அடிக்கடி அணைந்தால் அடுத்த முறை போகும்போது அவசியம் சொல்லுங்கள்.

தூர மணி 5 நொடி, நடு 5, கிட்ட 5, மறுபடி நடு, தூரம். இது ஒரு சுற்று. முதல் வாரம் 3 சுற்று, பொறுத்துக்கொண்டால் 10 வரை. கிட்ட மணியை இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை 2 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்துங்கள். இலக்கு, மூக்கிலிருந்து 5 சென்டிமீட்டரில் மணி ஒன்றாக நிற்பது. ஒவ்வொரு தவணை முடிந்ததும் ஒரு நிமிடம் மொட்டை மாடியிலிருந்தோ வாசலிலிருந்தோ தூரத்தில் பாருங்கள். பென்சிலை மூக்குக்கு நேராகக் கொண்டுவரும் பழைய பயிற்சியைவிட இதை விரும்பக் காரணம், பென்சிலில் ஒரு கண் அணைந்தாலும் செய்பவருக்குத் தெரியாது. வெறும் உழைப்பு மட்டும் மிஞ்சும்.

எழுத்துக் கட்டம்

ஃபோகஸுக்கும் தாவலுக்கும் ஒரே கருவி போதும். ஒரு பெரிய தாளில் பத்து வரிசை, வரிசைக்குப் பத்து எழுத்து என 100 எழுத்துகளை 2 சென்டிமீட்டர் உயரத்தில் எழுதுங்கள். க, ட, ப, ம, ய, வ, த போன்ற எளிய எழுத்துகளே நல்லது. ன, ண, ள, ழ, கொம்பு சுழி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதே எழுத்துகளை அதே வரிசையில் 3 மில்லிமீட்டர் அளவில் இன்னொரு சிறு அட்டையில் எழுதுங்கள். பெரியது 3 மீட்டர் தள்ளிச் சுவரில், சிறியது கையில் 40 சென்டிமீட்டரில்.

ஒரு கண்ணை மூடிக்கொண்டு முதல் வரிசையைச் சுவரில் படியுங்கள், இரண்டாவதைக் கை அட்டையில், மூன்றாவதைச் சுவரில். ஒவ்வொரு முறை மாறும்போதும் எழுத்து தெளியும் வரை காத்திருந்துவிட்டுத்தான் படிக்க வேண்டும். மனப்பாடத்தில் ஒப்பிப்பதைத் தடுக்க, நாலைந்து நாளுக்கு ஒரு முறை கீழிருந்து மேலாகப் படியுங்கள். ஒவ்வொரு கண்ணுக்கும் 2 நிமிடம். பழகியதும் கை அட்டையைச் சிறிது சிறிதாகக் கிட்டே நகர்த்தலாம்.

தாவலுக்குச் சுவர்க் கட்டம் மட்டும் போதும். தலையை அசைக்காமல் ஒவ்வொரு வரிசையிலும் முதல் எழுத்து, கடைசி எழுத்து. பிறகு இரண்டாவது, ஒன்பதாவது. தலை தானாகத் திரும்பும். உச்சந்தலையில் ஒரு மெல்லிய நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொண்டால் திரும்பும் கணமே தெரிந்துவிடும்.

தலை அசையும்போது பார்வை

தலையைத் திருப்பும்போது காட்சி குலுங்குகிறது, நடக்கும்போது கடைப் பலகை படிக்க முடியவில்லை என்பவர்களுக்கு இது. கழுத்து வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்ட்டைப் பாருங்கள். தலையில் விழுந்த அடி கழுத்தையும் விட்டுவைப்பதில்லை.

நாற்காலியில் உட்காருங்கள். கை நீளத்தில் சுவரில் ஓர் எழுத்தை ஒட்டி, அதைப் பார்த்தபடியே தலையை இடமும் வலமும் 20 டிகிரி அளவுக்குத் திருப்புங்கள். "இல்லை" என்று சொல்வதைவிடச் சற்று அகலம். எழுத்து தெளிவாக இருக்கும் வேகம்தான் உங்கள் வேகம். எழுத்து குலுங்கினால் வேகம் அதிகம். 30 நொடியில் தொடங்கி ஒரு நிமிடம் வரை. பிறகு மேலும் கீழும். ஒரு நாளைக்கு மூன்று முறை. உட்கார்ந்து சுலபமானதும் கால்களைச் சேர்த்து நின்று, அதன்பின் கட்டம் போட்ட துணி ஒன்றைச் சுவரில் தொங்கவிட்டு அதன் மேல் எழுத்தை ஒட்டிச் செய்யுங்கள்.

கூட்டமும் வாகனமும் தாங்காதவர்கள், எல்லாவற்றையும் தவிர்த்து வீட்டுக்குள் அடைந்தால் தாங்கும் சக்தி இன்னும் சுருங்கும். தி.நகர் ரங்கநாதன் தெருவில் போய்ப் பழக வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குத் தெருமுனை மளிகைக் கடையில் ஐந்து நிமிடம் நின்றால் போதும். அடுத்த வாரம் பத்து நிமிடம், அதற்கடுத்து ஆள் நடமாட்டமுள்ள நேரம். சூப்பர் மார்க்கெட்டில் இரு பக்கமும் அலமாரிகள் ஓடுவது தொந்தரவு செய்தால் தள்ளுவண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அதன் முனையைப் பாருங்கள். பஸ்ஸில் முன்பக்க இருக்கை, பார்வை நேராகத் தூரத்தில்.

வெளிச்சம், திரை, படிப்பு

கண் கூசுகிறது என்று வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிவது முதல் இரண்டு நாளுக்குச் சரி. தொடர்ந்தால் கண் இருட்டுக்குப் பழகி, சாதாரண வெளிச்சமே எரிச்சலாகிவிடும். வெளியே வெயிலுக்கு மட்டும் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும். உள்ளே தேவைப்பட்டால் எஃப்எல்-41 என்னும் ரோஜா நிறச் சாயம் பூசிய லென்ஸ் பலருக்கு உதவும். அதையும் நேரம் குறைத்துக் குறைத்து விட்டுவிடப் பார்க்க வேண்டும். பழைய சோக் வைத்த ட்யூப் லைட் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை மினுங்குகிறது. நல்ல கண்ணுக்குத் தெரியாத இந்த மினுக்கம் அதிர்ந்த மூளைக்கு உறைக்கும். படிக்கும் மேஜையை ஜன்னலோரம் போடுங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரும்படி.

செல்போனில் விரலால் தள்ளித் தள்ளிப் படிப்பதுதான் மிக மோசம். ஓடும் எழுத்தைக் கண் துரத்துகிறது. தாளில் அச்சடித்துப் படிப்பது மேல். முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்கி, பக்கம் பக்கமாகத் திருப்பும் வகையில் வைத்துப் படியுங்கள். வரி தவறினால் ஒரு கறுப்பு அட்டையில் இரண்டு வரி உயரத்துக்கு நீள்சதுரமாக வெட்டி, புத்தகத்தின் மேல் வைத்து நகர்த்துங்கள். 10 நிமிடம் படிப்பு, 2 நிமிடம் தூரப் பார்வை. மணி அடிக்கும்படி வையுங்கள், வலி வந்தபின் நிறுத்துவது தாமதம். பள்ளிக்கு டாக்டர் கடிதம் கொடுக்கும்போது வெறுமனே "ஓய்வு தேவை" என்று எழுதாமல், கரும்பலகையிலிருந்து எழுதவைக்க வேண்டாம், நோட்ஸை அச்சிட்டுத் தரவும், முன் வரிசை நடுவில் உட்காரவைக்கவும், விளையாட்டு கூடாது என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். ஆசிரியருக்கு எதைச் செய்வது என்று தெரிந்தால் செய்துவிடுவார்.

இரட்டைப் பார்வை இருக்கும் வரை வண்டி ஓட்டக் கூடாது, இதில் சமரசமே இல்லை. தற்காலிக நிம்மதிக்கு ஒரு கண்ணாடி வில்லையில் மங்கலான செலோ டேப் ஒட்டுவதோ, பிம்பத்தை நகர்த்திச் சேர்க்கும் ஒட்டும் பிரிசம் தாள் வைப்பதோ உண்டு. எந்தக் கண், எந்த இடம் என்பதைப் பரிசோதித்தவர் சொல்ல வேண்டும். நீங்களாகவே நாள் முழுவதும் ஒரு கண்ணைக் கட்டிவைக்காதீர்கள்.

எவ்வளவு காலம், எப்போது நிறுத்துவது

குவிதல் குறைவுக்கு மிக விரிவாக நடந்த சோதனை 2008-இல் வெளியானது. 9 முதல் 17 வயது வரையுள்ள 221 பேர், 12 வாரம். வாரம் ஒரு மணி நேரம் மருத்துவமனையிலும் நாளுக்கு 15 நிமிடம் வாரத்தில் 5 நாள் வீட்டிலும் செய்தவர்களில் ஏறத்தாழ 73 சதவீதம் பேர் தேறினார்கள் அல்லது முன்னேறினார்கள். வீட்டில் பென்சில் பயிற்சி மட்டும் செய்தவர்களில் 43 சதவீதம். ஒப்புக்குச் சிகிச்சை பெற்றவர்களில் 35 சதவீதம். அவர்கள் தலையில் அடிபட்டவர்கள் அல்ல என்பதால் இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் மேற்பார்வையோடு செய்வதற்கும் தனியாகச் செய்வதற்கும் உள்ள இடைவெளி கவனிக்கத்தக்கது. அதே குழுவினர் 2019-இல் வெளியிட்ட அடுத்த சோதனையில், குவிதல் பயிற்சியால் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் ஒப்புச் சிகிச்சையைவிடக் கூடவில்லை. கண் பயிற்சியால் மதிப்பெண் ஏறும் என்று பல மாதத்துக்கு மொத்தமாகப் பணம் கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். பயிற்சி தருவது வலியில்லாமல் உட்கார்ந்து படிக்கும் நிலை. அதற்காகச் செய்வது நியாயம்.

ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் குவிதல் அளவு அசையவே இல்லை என்றால் பயிற்சியைக் கூட்டாதீர்கள். திரும்பப் பரிசோதனைக்குப் போங்கள். கண்ணாடி பவர் தவறாக இருக்கலாம், உட்காது சமநிலைக் கோளாறோ கழுத்துக் காயமோ ஒற்றைத் தலைவலியோ உடன் இருக்கலாம், தூக்கமே சரியாக இல்லாமலும் இருக்கலாம். இவற்றைக் கவனிக்காமல் மணிக்கயிற்றை மட்டும் இழுத்துப் பயனில்லை.

குவிதல் மூன்று முறையும் 5 சென்டிமீட்டருக்குள் வந்து, முக்கால் மணி நேரம் படித்தும் மதிப்பெண் ஏறாமல் இரண்டு வாரம் போனால் தினப் பயிற்சியை வாரத்துக்கு மூன்று நாளாக்குங்கள், அடுத்த மாதம் வாரத்துக்கு ஒரு நாள், பிறகு நிறுத்தலாம். கயிறை எறிந்துவிடாதீர்கள். மூன்று மாதம் கழித்து ஒரு முறை ஐஸ் குச்சியை எடுத்து அளந்து பாருங்கள். பரீட்சைக் காலத்துக்கு முன் ஒரு முறை. எண் மறுபடி 8, 10 என்று ஏறியிருந்தால் இரண்டு வாரம் அதே மணிகளோடு உட்கார்ந்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.